நிலம் இருந்தது, ஆள் இல்லை

பர்மிய மொழியில் ஓர் ஆண் மரியாதையாகப் பேசும்போது ‘நான்’ என்பதற்கு ‘க்யுன்தோ’ என்கிறான். பெண் ‘க்யுன்மா’ என்கிறாள். ‘க்யுன்’ என்றால் அடிமை அல்லது ஊழியன். ‘தோ’ என்பது அரசருக்கு உரியதைக் குறிக்கும் ஒட்டு. ரங்கூன் டீக்கடையில் உட்கார்ந்து “எனக்கு ஒரு டீ” என்று கேட்பவன், சொல்லைப் பிரித்துப் பார்த்தால், “அரசரின் அடிமைக்கு ஒரு டீ” என்று கேட்கிறான்.

நமக்கு இது வேடிக்கையாகத் தெரிய வேண்டியதில்லை. நாம் அன்றாடம் சொல்லும் மலாய் ‘சாயா’வும் ‘சஹாயா’ என்ற சொல் தேய்ந்து வந்ததுதான். ‘ஹம்பா சஹாயா’ என்றால் அடிமைகள். தமிழில் ‘அடியேன்’ இருக்கிறது. ஆனால் அடியேன் பெரும்பாலும் பக்தியிலும் பணிவிலும் நின்றுவிட்டது. பர்மாவில் ‘க்யுன்’ வெறும் பணிவுச் சொல் அல்ல. அது பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு நிலை. உன் உழைப்பு யாருக்குச் சொந்தம், போர் வந்தால் நீ யாருக்குப் பின்னால் நிற்க வேண்டும், உன் பிள்ளை என்னவாகப் பிறக்கும் என்பதையெல்லாம் அந்தப் பதிவு முடிவு செய்தது.

‘ஒருவன் அடிமையா, சுதந்திரமானவனா?’ என்று நாம் கேட்போம். பழைய பர்மியப் பதிவேடுகள் ‘இவன் யாருடைய ஆள்?’ என்றுதான் கேட்டன. யாருக்கும் சொந்தமில்லாத ஆள் என்ற பிரிவே அவற்றில் கிடையாது. ஐராவதிக் கரையில் எண்ணூறு ஆண்டுகள் நடந்த அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அடிப்படைக் காரணம் எளிது. தென்கிழக்காசியாவின் பல பகுதிகளைப் போல அங்கும் நிலம் ஏராளம், ஆள் குறைவு. காட்டை வெட்டினால் வயல் கிடைக்கும். வெட்ட ஆள் வேண்டும். அதனால் ஓர் அரசன் எத்தனை காதம் ஆள்கிறான் என்பதைவிட எத்தனை பேரைக் கூப்பிட்டால் வருவார்கள் என்பதுதான் முக்கியம். போரில் வென்றவர்கள் எல்லைக் கல்லை நகர்த்தியதோடு நிற்கவில்லை, மக்களையே நகர்த்தினார்கள். தோற்ற ஊரின் தச்சர், கொல்லர், நெசவாளர், குதிரைவீரர், நடனக்காரர் எல்லோரும் குடும்பத்தோடு நடத்திச் செல்லப்பட்டு, வென்றவனின் தலைநகரைச் சுற்றிக் குடியேற்றப்பட்டார்கள்.

பிற்கால பர்மிய அரசுகளில் இந்த மக்கள் மூன்று வகையாகப் பிரிந்து நிற்கிறார்கள். முதலாவது ‘அஹ்முதான்’. ‘அஹ்மு’ என்றால் கடமை, ‘தான்’ என்றால் சுமப்பது. ஆக, கடமையைச் சுமப்பவர்கள். அரசருக்குப் பரம்பரை பரம்பரையாக ஊழியம் செய்ய வேண்டியவர்கள். குதிரைப்படை, யானைப்படை, துப்பாக்கி வீரர், கேடயம் ஏந்துவோர், போர்ப்படகுத் துடுப்புக்காரர், அரண்மனைக் காவலர், சமையற்காரர், பல்லக்குத் தூக்கிகள் என ஒவ்வொன்றும் ஒரு தனிப் பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் சொந்தத் தலைவர்கள் உண்டு. பயிர் செய்ய அரச நிலம் கிடைக்கும், பல வரிகள் கிடையாது. அதற்குப் பதிலாக முறைவைத்துத் தலைநகரில் வேலை, போர் வந்தால் முதல் அழைப்பு.

இரண்டாவது ‘அதீ’. இவர்கள் நிரந்தர ஊழியத்தில் இல்லாத குடிகள். வரி கட்டுவார்கள். பெரிய படையெடுப்பு என்றால் ஊருக்கு இத்தனை பேர் என்று இவர்களிடமிருந்தும் ஆள் பிடிப்பார்கள். மூன்றாவது க்யுன்கள். இவர்களில் தனியாருக்குக் கடன்பட்டு அடிமையானவர்கள் இருந்தார்கள், விலைக்கு வாங்கப்பட்டவர்கள் இருந்தார்கள், கோயிலுக்குக் கொடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் அஹ்முதான் மேலே, க்யுன் கீழே என்றுதான் தோன்றும். கௌரவம் என்று வந்தால் அப்படித்தான். ஆனால் வரலாற்றில் மக்கள் எந்தத் திசையில் ஓடினார்கள் என்று பார்த்தால் கதை தலைகீழாகிறது. அரச ஊழியத்திலிருந்து தப்பிக்க, தன்னைத் தானே இன்னொருவனுக்கு அடிமையாக எழுதிக் கொடுத்தவர்கள் ஏராளம். காரணம் இருக்கிறது. ஒரு மந்திரியின் கடனடிமையைப் படைக்கு இழுப்பது எளிதல்ல. அவனுடைய உழைப்பு மந்திரிக்குச் சொந்தம், மந்திரி விட்டுக்கொடுக்க மாட்டார். துறவியின் கதையும் அதுதான். காவி உடுத்தியவனை எந்தப் படைத்தலைவனும் கூப்பிட முடியாது.

இதன் தொடக்கத்தைப் பகான் காலத்திலேயே பார்க்கலாம். 1044இல் அனவ்ரதா அரியணை ஏறியதிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவரை அந்தச் சமவெளியில் ஆயிரக்கணக்கான கோயில்கள் எழுந்தன. ஒவ்வொரு கோயிலோடும் நிலமும் ஆட்களும் தானமாகப் போனார்கள். அப்படிக் கொடுக்கப்பட்டவர்கள் ‘பயா க்யுன்’, புத்தருக்கு அடிமைகள். கல்வெட்டுகள் அவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியல்களில் ‘குலா க்யுன்’ என்று இந்திய வம்சத்தாரும் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் பகானுக்குப் போனவர்கள் எல்லோரும் வணிகர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தியாவிலிருந்து போனவர்களில் கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்ட ஆட்களும் உண்டு என்பதை இந்தக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

கோயில் நிலத்துக்கு வரி இல்லை, கோயில் ஆளுக்கு அரச ஊழியம் இல்லை. தானம் பெருகப் பெருக அரசனின் நிலமும் ஆளும் கரைந்தன. பகானின் வீழ்ச்சிக்கு இதுவே உள்காரணம் என்று வரலாற்றாசிரியர் மைக்கல் அவுங்-த்வின் வாதிட்டார். மங்கோலியப் படையெடுப்பைவிட இந்தக் கசிவுதான் அரசை உள்ளிருந்து வற்ற வைத்தது என்பது அவர் கருத்து. இதில் மற்ற ஆய்வாளர்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் புண்ணியம் செய்யும் அரசன் தன் படையையும் சேர்த்துத்தான் தானம் செய்கிறான் என்ற கணக்கை மறுக்க முடியாது. பிற்காலத்தில் இந்தப் பயா க்யுன்கள் மற்றவர்கள் பெண் கொடுக்காத, சேர்ந்து உண்ணாத ஒதுக்கப்பட்ட சமூகமாக ஆனார்கள் என்பது இதன் கசப்பான பின்கதை.

அடுத்த பெரிய பாடம் பெகுவில் நடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் தபின்ஷ்வேதியும், அவருக்குப்பின் 1550 முதல் 1581 வரை ஆண்ட பயின்னௌங்கும் தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய பேரரசுகளில் ஒன்றைக் கட்டினார்கள். ஷான் மலைகள், சியாங் மாய், 1569இல் அயுத்தியா என ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்தச் சமயத்தில் பெகுவில் இருந்த வெனிஸ் வணிகர் செசாரே ஃபெதெரிச்சி, அயுத்தியாவுக்குப் போன படையைப் பல லட்சங்களில் எண்ணி எழுதினார். அந்த எண்ணை இன்று யாரும் நம்புவதில்லை. ஆனால் பார்த்தவனை அப்படி எழுத வைக்கும் அளவுக்குக் கூட்டம் திரண்டது என்பதாவது உண்மை.

பயின்னௌங் உயிரோடு இருந்தவரை வெற்றி வந்தது, கொள்ளைப் பொருள் வந்தது, கைதிகள் வந்தார்கள். படைக்குப் போனவனுக்கும் ஏதோ கிடைத்தது. மகன் நந்தபயின் காலத்தில் செலவு மட்டும் மிஞ்சியது. சியாமின் நரேசுவன் கலகம் செய்தார். அவரை அடக்க நந்தபயின் மறுபடி மறுபடி படை அனுப்பினார். ஒவ்வொன்றும் தோற்றது. 1590களின் தொடக்கத்தில் பட்டத்து இளவரசர் மிங்ஜி ஸ்வாவே போர்க்களத்தில் இறந்தார்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஆள் தேவை கூடியது. ஆள் பிடிப்பு கீழ் பர்மாவின் மோன் மக்கள் மேல் மிகக் கடுமையாக விழுந்தது. அவர்கள் ஓடினார்கள். சிலர் சியாமுக்கும் அரக்கானுக்கும் போனார்கள், சிலர் மடத்துக்குள் நுழைந்தார்கள், சிலர் கடனடிமைகளாக ஒளிந்தார்கள். ஓடியவனை அடையாளம் காண்பதற்காக ஆட்களின் உடம்பில் குறி இட நந்தபயின் உத்தரவிட்டார். துறவிகளின் காவியைக் கழற்றிப் படைக்கு அனுப்பினார். இதற்குமேல் ஓர் அரசன் என்ன செய்ய முடியும்? அவர் செய்ததெல்லாம் ஓட்டத்தை வேகமாக்கியது, அவ்வளவுதான். உழ ஆள் இல்லாமல் வயல் தரிசானது, பஞ்சம் வந்தது. 1599இல் தௌங்கூவும் அரக்கானும் சேர்ந்து பெகுவைப் பிடித்தபோது, காப்பாற்ற அங்கே பெரிதாக ஒன்றும் மீதியில்லை. பயின்னௌங் இறந்து பதினெட்டே வருடம்.

அவர்களுக்குப்பின் வந்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். தாலுன் மன்னர் 1635இல் தலைநகரைப் பெகுவிலிருந்து உள்நாட்டு ஆவாவுக்கு மாற்றினார். கடலோரம் செல்வம் தரும், ஆனால் ஆட்களைக் கட்டிவைக்க உள்நாட்டு வறண்ட பகுதிதான் ஏற்றது. சௌக்சே போன்ற கால்வாய்ப் பாசன ஊர்களில் அஹ்முதான் குடும்பங்களை வரிசையாகக் குடியேற்றினார். 1630களில் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்தது. ஊர் எது, எல்லை எது, எத்தனை குடும்பம், யார் எந்தப் பிரிவு, என்ன வரி என்று எல்லாம் கேட்டு எழுதப்பட்டது. ஆவாவைச் சுற்றிய வட்டாரத்தில் ஏறக்குறைய 40 சதவீத மக்கள் அஹ்முதான்களாக இருந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர் விக்டர் லீபர்மனின் கணிப்பு. அதாவது தலைநகரைச் சுற்றி ஐந்து வீட்டுக்கு இரண்டு வீடு அரசருக்குக் கட்டுப்பட்ட வீடு.

குடும்பத்தின் உள்ளேயும் அரசு நுழைந்தது. அப்பா ஒரு பிரிவு, அம்மா இன்னொரு பிரிவு என்றால் பிள்ளை யாருக்கு? அதற்கும் விதி எழுதினார்கள். பிரிவைத் தெரிந்துகொள்ள உடம்பில் பச்சை குத்தினார்கள். அஹ்முதான்கள் தங்கள் ஊரை விட்டுப் போகக்கூடாது, பிரிவு மாறக்கூடாது, அதிகாரிகள் அவர்களைச் சொந்த அடிமையாக்கக்கூடாது என்று அரச ஆணைகள் வந்தன. ஒரே ஆணை பல அரசர்கள் காலத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு கட்டளையை நூறு வருடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தால், அதை யாரும் கேட்கவில்லை என்றுதானே பொருள்?

இந்த ஏற்பாடு எப்படி மனிதர்களை உருமாற்றியது என்பதற்கு ஒரு சமூகத்தைச் சொல்லலாம். 1613இல் அனௌக்பெட்லுன் மன்னர் சிரியம் துறைமுகத்தைப் பிடித்தார். அங்கே தன்னை அரசனைப் போல நடத்திக்கொண்டிருந்த போர்த்துகீசியர் ஃபிலிப் தெ பிரித்தோ கழுவேற்றப்பட்டார். அவருடைய ஆட்களைக் கொல்லவில்லை. பீரங்கி சுடத் தெரிந்தவர்களை யாராவது வீணாக்குவார்களா? போர்த்துகீசியரும் இந்தியக் கலப்பினத்தாருமான அந்த நூற்றுக்கணக்கானவர்கள் வடக்கே மூ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். நிலம் கொடுத்து, பரம்பரைப் பீரங்கிப் படையாகப் பதிவு செய்தார்கள். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். பர்மியர்கள் அவர்களைப் ‘பயிஞ்ஜி’ என்றார்கள். நம்முடைய ‘பறங்கி’யும் பினாங்கின் பத்து பெரிங்கியில் இருக்கும் ‘பெரிங்கி’யும் அந்தச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பறங்கி என்பது நம்மிடம் வெளியாளைக் குறிக்கும் சொல். அங்கே அது ஓர் அரசுப் படைப்பிரிவாகி, பிறகு ஒரு விவசாயச் சமூகமாக ஆனது. மோன்லா, சாந்தயுவா போன்ற ஊர்களில் அவர்களின் வழிவந்தவர்கள் கத்தோலிக்கர்களாகவும் முழுப் பர்மியர்களாகவும் இன்றும் இருக்கிறார்கள்.

அதே வழியில் பின்னர் மணிப்பூர் குதிரைவீரர்கள் வந்தார்கள். 1756இல் சிரியம் மறுபடி விழுந்தபோது பிரெஞ்சுப் பீரங்கிக்காரர்கள் வந்தார்கள். 1767இல் அயுத்தியா எரிந்தபோது சியாமியக் கலைஞர்கள் வந்தார்கள். பர்மிய அரசவையின் ராமாயண நாடகமும் ‘யோதயா’ இசையும் அந்தக் கைதிகளோடு வந்தவை. இன்று மண்டலேயில் ரசித்துப் பார்க்கப்படும் ஒரு கலை, கட்டாயமாக நடந்து வந்த கால்களின் கதையும்கூட.

ஆனால் தாலுனின் ஏற்பாடும் கசிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஹ்முதான்கள் இளவரசர்களிடமும் மந்திரிகளிடமும் கடனடிமைகளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் படை இருந்தது, களத்தில் இல்லை. மணிப்பூர் குதிரைப்படை ஆவாவின் வாசல்வரை வந்து கொள்ளையடித்துத் திரும்பியது. 1752இல் பெகுவின் மோன் படை ஆவாவையே பிடித்தது. அப்போது மூ பள்ளத்தாக்கின் ஓர் ஊர்த்தலைவர், அரச ஊழியக் குடும்பங்கள் நிறைந்த வட்டாரத்தைத் திரட்டி எழுந்தார். அவர்தான் அலௌங்பயா, கொன்பௌங் வம்சத்தின் முதல் மன்னர். சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கியது.

அவர் மகன் போதௌபயா 1782இல் அரியணை ஏறினார். 1783இலும் 1802இலும் அவர் நடத்திய கணக்கெடுப்புகளின் ஓலைகள் பல இன்றும் கிடைக்கின்றன. ‘சித்தான்’ என்று பெயர். ஊர்த்தலைவர் தன் பெயரையும் பிறந்த கிழமையையும் வயதையும் சொல்லித் தொடங்குகிறார். பிறகு எல்லைகள், வரிகள், வழக்கங்கள். படித்துப் பார்த்தால் தன் ஊரைக் காட்டிக்கொடுக்காமலும் அரசரிடம் பொய் சொல்லாமலும் நடுவில் நிற்கும் ஒரு மனிதரின் குரல் கேட்கிறது. கணக்கில் எத்தனை தலை ஏறுகிறதோ, நாளைக்கு அத்தனை தலைக்கு ஆள் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

1795இல் அமரபுராவுக்குத் தூதராக வந்த மைக்கல் சைம்ஸ் ஆள் பிடிக்கும் முறையை எழுதியிருக்கிறார். அவசரத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று அல்லது நான்கு வீடுகள் சேர்ந்து ஓர் ஆளைத் தர வேண்டும், இல்லையென்றால் 300 டிக்கல் வெள்ளி கட்ட வேண்டும். படைக்குப் போனவனின் குடும்பம் ஊரிலேயே பிணையாக நிற்கும். அவன் ஓடினால் அல்லது துரோகம் செய்தால் மனைவி, பிள்ளை, பெற்றோர் உயிருக்கே ஆபத்து. சைம்ஸ் வெளிநாட்டுக்காரர்தான், கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வீடு சேர்ந்து ஓர் ஆளை அனுப்பும் முறையை யோசித்துப் பாருங்கள். அந்த நாலு வீட்டில் யார் பிள்ளை போவது என்பதை அரசர் முடிவு செய்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பணம் உள்ளவன் வெள்ளியைத் தருவான், இல்லாதவன் பிள்ளையைத் தருவான். வெள்ளிக்குக் கடன் வாங்கினால், நிலத்தையோ தன்னையோ அடகு வைக்க வேண்டும்.

போதௌபயா 1784இன் இறுதியில் அரக்கானை வென்று மகாமுனி புத்தர் சிலையையும் ஆயிரக்கணக்கான மக்களையும் அமரபுராவுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே சியாமின் மேல் பல முனைகளில் படை அனுப்பித் தோற்றார். மிங்குனில் உலகத்திலேயே பெரிய பகோடாவைக் கட்டத் தொடங்கினார், அது முடியாமலே நிற்கிறது. போருக்கும் கட்டுமானத்துக்கும் அரக்கானிடம் ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அரக்கான் மக்கள் நாஃப் ஆற்றைத் தாண்டி, ஆங்கிலேயர் ஆண்ட சிட்டகாங்குக்கு ஓடினார்கள். அந்த அகதிகளைக் குடியமர்த்த அனுப்பப்பட்ட கேப்டன் ஹைரம் காக்ஸ் 1799இல் அங்கேயே இறந்தார். காக்ஸ் பஜார் என்ற பெயர் அவருடையது. இன்று ரொஹிங்யா முகாம்களோடு நாம் கேள்விப்படும் அந்த ஊர், இருநூறு வருடத்துக்கு முன்பே அதே எல்லையைத் தாண்டி ஓடியவர்களுக்காக உருவானது.

ஓடியவர்கள் அங்கிருந்து திரும்பித் தாக்கினார்கள், பர்மியப் படை துரத்திக்கொண்டு எல்லை தாண்டியது. அந்தத் தகராறு வளர்ந்து, 1824இல் முதல் ஆங்கிலேய-பர்மியப் போருக்கு ஒரு காரணமானது. அந்தப் போரில் ரங்கூனில் இறங்கிய படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். போதௌபயா பிடித்த ஆட்களின் கணக்கு, அவர் இறந்தபிறகு, நாட்டின் கடற்கரையை விலையாகக் கேட்டது.

மின்டோன் மன்னர் 1860களில் வீட்டு வரியைக் கொண்டுவந்து ஊழியத்துக்குச் சம்பளம் தர முயன்றார். காலம் கடந்துவிட்டது. 1885 நவம்பரில் ஆங்கிலேயர் இரண்டே வாரத்தில் மண்டலேயைப் பிடித்தார்கள், அரசரோடு அஹ்முதான் முறையும் போனது. வேடிக்கை என்னவென்றால், அரசருக்காகச் சண்டை போடாத கிராமங்கள் அதற்குப் பிறகுதான் வருடக்கணக்கில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டன. கூப்பிட்டபோது வராதவர்கள், கூப்பிட ஆளில்லாதபோது வந்தார்கள்.

இதையெல்லாம் பழைய கதையாக விட முடியவில்லை. நேப்பிடோவில் ராணுவ அணிவகுப்புத் திடலில் மூன்று மாபெரும் சிலைகள் நிற்கின்றன: அனவ்ரதா, பயின்னௌங், அலௌங்பயா. நந்தபயினுக்குச் சிலை இல்லை. 2024 பிப்ரவரியில் ராணுவ ஆட்சி, 2010இல் எழுதி வைத்திருந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அந்த மாதமே மண்டலே பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு வெளியே நெரிசலில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். மே மாதம் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவது நிறுத்தப்பட்டது. வட்டார நிர்வாகி வீடு வீடாகப் பெயர் எழுதுகிறார். பணம் உள்ளவன் பணம் கொடுத்து விலகுகிறான். சட்டத்தில் துறவிகளுக்கு விலக்கு உண்டு. பழைய பதிவேட்டில் இருந்த பத்திகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

2023 ஜனவரியில் சாந்தயுவாவில், பயிஞ்ஜிகளின் ஊரில், நூறு வருடத்துக்கு மேற்பட்ட தேவாலயம் எரிந்தது. ராணுவம் வைத்த தீ என்று செய்திகள் சொல்லின. நானூறு வருடத்துக்கு முன் ஓர் அரசர் பீரங்கி சுடுவதற்காகக் கொண்டுவந்து குடியேற்றியவர்களின் வழிவந்தவர்கள், இப்போது காட்டுக்குள் ஓடுகிறார்கள்.

கோலாலம்பூர் புடுவிலும் சிங்கப்பூர் பெனின்சுலா பிளாசாவிலும் நாம் பார்க்கும் பர்மிய இளைஞர்களை ‘வேலை தேடி வந்தவர்கள்’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்களில் பலர் வேலைக்குத்தான் வந்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் வேறு சிலர் ஓர் எண்ணிக்கையிலிருந்து தங்கள் தலையைக் கழித்துக்கொண்டு வந்தவர்கள். அயுத்தியாவுக்கு ஓடிய மோன்களும், நாஃப் ஆற்றைத் தாண்டிய அரக்கானியரும், மந்திரி வீட்டில் அடிமையாக ஒளிந்த குதிரைவீரனும் செய்ததும் அதுதான். பர்மிய நாளாகமங்கள் அரசர்களின் வெற்றிகளை எழுதின. அந்த வெற்றிகள் ஏன் நிலைக்கவில்லை என்பதை ஓடிப்போனவர்கள்தான் எழுதினார்கள், காலால்.